எண்ணெய் பாய்லருக்குப் பதில் பெல்லெட் பாய்லரா, ஹீட் பம்பா? இங்கிலாந்து அரசு மானியம் பற்றிக் கேள்வி

ஷ்ராப்ஷர்வாசி:

வணக்கம். ஷ்ராப்ஷர் பக்கம் கிராமத்து வீடு. கல் சுவர், மூன்று படுக்கையறை, தெருவில் கேஸ் லைன் கிடையாது. இப்போது ஓடுவது மண்ணெண்ணெய் பாய்லர். அதை மாற்றியே ஆக வேண்டும். இ.பி.சி. என்ற எரிசக்திச் சான்றிதழில் சூடேற்றவும் வெந்நீருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 18,000 யூனிட் என்று போட்டிருக்கிறது. அறை அறையாகக் கணக்கிட்டதில், வெளியே மைனஸ் 3 டிகிரி இருக்கும்போது வெப்ப இழப்பு 9.6 கிலோவாட்.

கையில் இரண்டு கொட்டேஷன். 20 கிலோவாட் பெல்லெட் பாய்லர் (மரத்தூளை அழுத்திய சிறு குச்சிகளை எரிப்பது), பெல்லெட் தொட்டி, சூடான தண்ணீரைச் சேமிக்கும் 800 லிட்டர் பஃபர் டேங்க் எல்லாம் சேர்த்து 19,800 பவுண்டு. 11 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுப்பது), வெந்நீர் சிலிண்டர், ஏழு ரேடியேட்டர் மாற்றம் சேர்த்து 14,600 பவுண்டு. இரண்டும் மானியம் கழிக்காத விலை. பெல்லெட் டன் 390 பவுண்டுக்குக் கிடைக்கிறது, மின்சாரம் யூனிட் 26 பென்ஸ்.

எதற்கு எவ்வளவு மானியம், யார் விண்ணப்பிக்க வேண்டும்? ஏழு வருடத்துக்குக் காலாண்டுதோறும் பணம் வரும் என்று சிலர் சொல்கிறார்களே, அது இன்னும் இருக்கிறதா? தோட்டத்தில் நோய் பிடித்த ஆஷ் மரங்கள் நிற்கின்றன. அந்த விறகை எரிக்கிற பாய்லருக்கும் மானியம் உண்டா?

கணக்கன்:

காலாண்டுப் பணம் என்பது பழைய ஆர்.எச்.ஐ., அதாவது புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கான ஊக்கத்தொகைத் திட்டம். வீடுகளுக்கான ஆர்.எச்.ஐ. 2014 ஏப்ரலில் தொடங்கி 2022 மார்ச் 31-ல் மூடப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அவரவர் ஏழு வருடம் முடியும்வரை பணம் போகும். புதிதாகச் சேர வழியில்லை.

இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பது பி.யு.எஸ்., அதாவது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். பணம் ஒரே தடவைதான். ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு, பயோமாஸ் பாய்லருக்கு, அதாவது பெல்லெட்டோ விறகோ எரிப்பதற்கு, 5,000. 2022-ல் காற்று ஹீட் பம்புக்கும் 5,000 தான் இருந்தது. 2023 அக்டோபர் 23-ல் அதை 7,500 ஆக்கினார்கள், பயோமாஸை அப்படியே விட்டுவிட்டார்கள். அரசின் மனம் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிகிறது. தொகையும் விதியும் இடையில் மாறுவதுண்டு. கையெழுத்துப் போடும் வாரத்தில், திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பிப்பது நீங்கள் இல்லை, பொருத்துபவர். அவர் எம்.சி.எஸ். என்ற தரச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். கொட்டேஷனை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் அவர் ஆஃப்ஜெமில் விண்ணப்பிப்பார். ஆஃப்ஜெம் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒப்புதல் கேட்டு எழுதும். அது ஸ்பாம் பெட்டியில் கிடந்து கெடு தாண்டினால் விண்ணப்பம் விழுந்துவிடும், அந்த வாரம் முழுக்கக் கண் வைத்திருங்கள். பிறகு வவுச்சர் வரும். பயோமாஸுக்கும் காற்று ஹீட் பம்புக்கும் அது 3 மாதம் செல்லும், தரையடி ஹீட் பம்புக்கு 6 மாதம். வேலை முடிந்ததும் பொருத்துபவர் பணத்தை வாங்கிக்கொள்வார். உங்கள் பில்லில் அந்தத் தொகை கழிந்திருக்க வேண்டும். "முழுப் பணமும் கட்டுங்கள், மானியம் வந்ததும் திருப்பித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பயோமாஸுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. வீடு கிராமப்புறமாக இருக்க வேண்டும், கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது, சுயமாகக் கட்டிய புது வீடாகவும் இருக்கக் கூடாது. மூன்றிலும் உங்களுக்குத் தடை இல்லை. பலர் தடுக்கி விழுவது புகைச் சான்றிதழில்தான். துகள் ஒரு கிகாஜூலுக்கு 30 கிராம், நைட்ரஜன் ஆக்ஸைடு 150 கிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. சான்றிதழில் உள்ள மாடல் பெயரும் உங்கள் கொட்டேஷனில் உள்ள மாடல் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, எந்த எரிபொருளில் சோதித்தார்கள் என்று பாருங்கள். பெல்லெட்டில் சோதித்த சான்றிதழை வைத்துக்கொண்டு விறகு போட முடியாது. ஆகவே உங்கள் ஆஷ் மரத்துக்குப் பதில்: விறகில் சோதித்துச் சான்று பெற்ற பாய்லர் என்றால் மானியம் உண்டு. கூடத்தில் வைக்கிற சாதாரண விறகு அடுப்புக்கு இல்லை.

இ.பி.சி. பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பரண், சுவர் இன்சுலேஷன் பரிந்துரைகளை முடித்த பிறகுதான் விண்ணப்பம் என்ற விதியை 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பரணில் இன்சுலேஷன் இல்லையென்றால் மானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை முதலில் போடுங்கள், பாய்லரின் அளவே குறையும்.

கழித்துப் பார்த்தால் பெல்லெட் 14,800, ஹீட் பம்ப் 7,100. முதலீட்டில் 7,700 பவுண்டு வித்தியாசம். ஓட்டச் செலவுக்கு வருவோம். பெல்லெட் ஒரு டன்னில் சுமார் 4,800 யூனிட். பாய்லர் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் 18,000 யூனிட் சூட்டுக்கு 4.4 டன், 390 வீதம் ஏறக்குறைய 1,720 பவுண்டு. ஒரு யூனிட் சூடு 9.56 பென்ஸ். ஹீட் பம்ப் ஆண்டு சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தந்தால் 6,000 யூனிட் மின்சாரம், 1,560 பவுண்டு. 2.6 மட்டும் தந்தால் 1,800. உங்கள் விலைகளுக்கு இரண்டும் சமமாகும் இடம் 2.72. அந்தக் கல் வீட்டில் ஹீட் பம்ப் 2.72-க்கு மேல் நிற்குமா என்பதுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய ஒரே கேள்வி. கணக்கை நாங்கள் சொன்னோம் என்று நம்பாமல் உங்கள் விலை மாறும்போதெல்லாம் போட்டுப் பாருங்கள்: மின்சார விலையைப் பெல்லெட் சூட்டின் யூனிட் விலையால் (இப்போது 9.56) வகுத்தால் போதும்.

வன்னிமரம்:

கணக்கன் அண்ணை சொன்ன காசுக் கணக்கு சரி. ஆனால் அந்தப் பெலட் கொட்டேஷனே எனக்குப் பிடிக்கேல்லை. வெப்ப இழப்பு 9.6 கிலோவாட், போடச் சொல்லுறது 20 கிலோவாட் பொயிலர். ஆரோ பழைய எண்ணெய்ப் பொயிலரின்ர அளவைப் பார்த்து அப்பிடியே எழுதியிருக்கினம்.

பெலட் பொயிலர் பொதுவாத் தன்ர முழு அளவின் 30 சதவீதம் வரைக்கும்தான் தணிஞ்சு எரியும். 20 கிலோவாட் எண்டால் 6 வரைக்கும். ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் உங்கட வீட்டுக்குத் தேவை 3 கிலோவாட்தான் இருக்கும். அப்ப என்ன நடக்கும்? எரியும், அணையும், திரும்பப் பத்தும். ஒவ்வொரு தடவை பத்த வைக்கேக்கையும் சூட்டுக்காத்துக் கம்பி மின்சாரம் குடிக்கும், அரைகுறையா எரிஞ்ச தாரும் கரியும் வெப்பப் பரிமாற்றிக் குழாய்களில படியும். 85 சதவீதம் எண்டு கணக்குப் போட்ட திறன் கீழ இறங்கிவிடும். 12 கிலோவாட் மொடலுக்கு விலை கேளுங்கோ. அது 3.6 வரைக்கும் தணியும். பஃபர் டேங்கும் கிலோவாட்டுக்கு 30 லிட்டர் வீதம் 360 லிட்டர் அளவில போதும். விலை கட்டாயம் குறையும், மானியம் அதே 5,000 தான்.

கொட்டேஷனில இன்னும் ஒண்டு பாருங்கோ: திரும்பி வாற தண்ணியின்ர சூட்டைக் காக்கிற வால்வு எழுதியிருக்கா? பொயிலருக்குத் திரும்புற தண்ணி 55, 60 பாகைக்குக் கீழ இருந்தால் புகையில இருக்கிற ஈரம் உள்ளுக்குள்ள வியர்த்து, அமிலமா மாறி, உருக்கைத் தின்னும். அந்த வால்வு இல்லாத பொயிலர் சில வருசத்திலேயே ஓட்டையாகும்.

பிறகு பெலட் களஞ்சியம். 4.4 டன் எண்டால் கிட்டத்தட்ட 7 கன மீற்றர். அவ்வளவு இடம் இல்லாட்டி வருசத்துக்கு இரண்டு தடவை இறக்கலாம், ஆனால் சின்ன லோட் எண்டால் டன் விலை கூடும். டாங்கர் லொறி குழாய் வழியா ஊதித்தான் நிரப்பும். குழாய் 30 மீற்றரைத் தாண்டினாலோ வளைவு கூடினாலோ பெலட் உடைஞ்சு தூளாகும், தூள் கீழ இறங்கி, பெலட்டைப் பொயிலருக்குத் தள்ளுற திருகாணியின்ர வாயை அடைக்கும். பனிக்காலத்தில விடியப்புறம் பொயிலர் நிண்டு போறதுக்கு அநேகமா இதுதான் காரணம். ஊதுற குழாயின்ர வாய்க்கு எதிர்ச் சுவரில ரப்பர் பாய் தொங்க வேணும், அடித்தளம் 40 - 45 பாகை சரிவா இருக்க வேணும். ஈஎன்பிளஸ் ஏ1 தரம் மட்டும் வாங்குங்கோ: ஈரம் 10 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ள. லொறி வாறதுக்கு முன்னம் பொயிலரை அணைச்சு வையுங்கோ. ஊதேக்கை களஞ்சியத்தில காத்தழுத்தம் மாறும், எரிஞ்சுகொண்டிருக்கிற பொயிலரின்ர புகை பின்பக்கமா இழுபடலாம்.

இதைக் கட்டாயம் வாசியுங்கோ: மூடின களஞ்சியத்தில கார்பன் மொனொக்சைட் சேரும். மரத்தில இருக்கிற கொழுப்பமிலங்கள் காத்தோட சேர்ந்து அந்த வாயுவை விடும், புதுப் பெலட் இறக்கின முதல் கிழமைகளில ஆகக் கூட. இதுக்கு நெருப்பே தேவையில்லை, மணமும் இராது. ஐரோப்பாவில களஞ்சியத்துக்குள்ள இறங்கின ஆக்கள் செத்திருக்கினம். காத்தோட்ட மூடி போடுங்கோ, கதவுக்கு வெளியால எச்சரிக்கைப் பலகை வையுங்கோ, பொயிலர் அறையில அலாரம் பூட்டுங்கோ. தூள் அடைச்சிருக்கா எண்டு பார்க்கத் தலையை உள்ளுக்கு விட வேண்டாம்.

நார்ஃபோக் நிலா:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், தொடர்புள்ள கேள்விதான். நாங்கள் வாங்கப்போகும் வீட்டில் பெல்லெட் பாய்லர் இருக்கிறது, 2021 பிப்ரவரியில் ஆர்.எச்.ஐ.-யில் சேர்த்தது. மிச்சப் பணம் எங்களுக்கு வருமா? இல்லை, அதைக் கழற்றிவிட்டு பி.யு.எஸ். மானியத்தில் ஹீட் பம்ப் போடலாமா?

கணக்கன்:

பணம் வீட்டோடு வரும், ஆனால் தானாக வராது. சாவி கைக்கு வந்ததும் புது உரிமையாளர் என்று ஆஃப்ஜெமுக்கு நீங்கள் தெரிவித்து, திட்ட விதிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏழு வருடம் என்பது சேர்ந்த தேதியிலிருந்து. ஆகவே 2028 பிப்ரவரியோடு முடியும், கைமாறியதற்காக நீளாது.

தொகை மீட்டர் பார்த்து வருவதில்லை, பெரும்பாலும் இ.பி.சி.-யில் உள்ள யூனிட்டை வைத்துத்தான். 2014-ல் பயோமாஸுக்கு யூனிட்டுக்கு 12.2 பென்ஸ் தந்தார்கள். சேர்பவர் கூடக் கூட விகிதத்தைக் குறைத்து, கடைசி வருடங்களில் சேர்ந்தவர்களுக்கு 7 பென்ஸ் அளவில்தான். 18,000 யூனிட் வீடு என்றால் ஆண்டுக்கு 1,260, காலாண்டுக்கு 315 பவுண்டு. விலைவாசியோடு கொஞ்சம் ஏறியிருக்கும். 2017 செப்டம்பருக்குப் பின் சேர்ந்த பயோமாஸுக்கு 25,000 யூனிட் உச்ச வரம்பும் உண்டு.

விற்பவரிடம் இப்போதே கேட்டு வாங்க வேண்டியவை: ஆர்.எச்.ஐ. எண், எம்.சி.எஸ். சான்றிதழ், புகைச் சான்றிதழ், பெல்லெட் வாங்கிய ரசீதுகள், சர்வீஸ் பதிவு. ரசீதில் பயோமாஸ் சப்ளையர்ஸ் லிஸ்ட் எண் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவரிடம் வாங்கிய எரிபொருள்தான் செல்லும். ஆண்டுக்கு ஒருமுறை உறுதிமொழி கொடுக்க வேண்டும், தவறினால் பணம் நிற்கும். சொலிசிட்டர் இதையெல்லாம் தானாகக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

பி.யு.எஸ். உங்களுக்கு நடக்காது. அந்த மானியம் மண்ணெண்ணெய், கேஸ், நிலக்கரி, நேரடி மின்சார ஹீட்டர் போன்றவற்றை மாற்றத்தான். ஏற்கெனவே பயோமாஸ் இருக்கும் வீட்டுக்கு, அதுவும் அரசுப் பணம் வாங்கிய வீட்டுக்கு இல்லை. வீட்டு விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள். நாளைக்கு அந்தப் பாய்லர் கைவிட்டால் மாற்றுச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

வன்னிமரம்:

ஷ்ராப்ஷர் அண்ணைக்கு விறகுப் பக்கம். ஆஷ் நல்ல விறகுதான். வீட்டுத் தோட்டத்து மரம் வெட்ட வனத்துறை லைசன்ஸ் தேவையில்லை. தோட்டத்துக்கு வெளியால எண்டால் காலாண்டுக்கு 5 கன மீற்றர் வரைக்கும் லைசன்ஸ் இல்லாமல் வெட்டலாம், அதில 2 கன மீற்றருக்கு மேல விக்கக் கூடாது. மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு இருக்கா எண்டு கவுன்சிலிட்டக் கேட்டுப்போட்டு வாளைத் தூக்குங்கோ. நோய் பிடிச்ச ஆஷ் கொப்பு சொல்லாமல் முறியும், ஏறி வெட்ட வேண்டாம், தெரிஞ்ச ஆளைப் பிடியுங்கோ.

ஈரம் 20 சதவீதம் எண்டால் கிலோவுக்கு சுமார் 4 யூனிட். வெட்டின கையோட ஆஷில 35 சதவீதம் இருக்கும், அப்ப 3.1 தான். 50 சதவீத ஈர மரம் 2.2. மிச்சச் சூடு முழுக்கத் தண்ணியை ஆவியாக்கப் போகும், புகைக்கூட்டில தாரும் படியும். மானியம் வாங்கின பொயிலரை ஈர விறகு போட்டுக் கெடுக்கிறது பெரிய அநியாயம்.

ஈரமானியை விறகின்ர வெளிப்பக்கத்தில குத்திப் பார்க்காதேங்கோ. கட்டையைப் புதுசாப் பிளந்து, உள் முகத்தில, நார் ஓடுற திசையில குத்துங்கோ. அநேகமான மானிகள் உலர்ந்த மரத்தின்ர நிறையை வைச்சுச் சதவீதம் காட்டும். சட்டம் சொல்லுற 20 மொத்த நிறையை வைச்சு. அந்த மானியில 25 காட்டினால் அது சட்டக் கணக்கில 20. கையேட்டில எந்தக் கணக்கு எண்டு பார்த்துக்கொள்ளுங்கோ. 2021 மே 1-இல இருந்து இங்கிலாந்தில 2 கன மீற்றருக்குக் குறைவா விக்கிற விறகு 20-க்குள்ள இருக்க வேணும் எண்டு சட்டம், வெளியால வாங்கினால் 'ரெடி டு பேர்ன்' முத்திரையைப் பாருங்கோ.

விறகுப் பொயிலர் ஒருக்காப் பத்தினால் கூட்டுக்குள்ள போட்ட விறகு முழுக்க எரிஞ்சு முடிய வேணும், இடையில தணிக்க ஏலாது. ஆனபடியால் பெரிய டேங்க் இல்லாமல் சரிவராது. 30 கிலோ காய்ஞ்ச விறகு 90 சதவீதத் திறனில 108 யூனிட் தரும். 2,000 லிட்டர் தண்ணியை 35-இல இருந்து 85 பாகைக்கு ஏத்த 116 யூனிட். ஒரு கூடு, ஒரு டேங்க் எண்டு பொருந்தும். நிரம்பின டேங்க் இரண்டு டன், தரை தாங்குமா எண்டும் பாருங்கோ.

லாகன் கரை:

பெல்ஃபாஸ்டில் இந்த 5,000, 7,500 எதுவும் கிடைக்காதா?

கணக்கன்:

பி.யு.எஸ். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாக ஹீட் பம்புக்கு 7,500 மானியமும் அதே அளவு வட்டியில்லாக் கடனும் உண்டு, கிராமப்புறத்துக்கு 1,500 கூடுதல். அங்கே விண்ணப்பிப்பது வீட்டுக்காரர். அனுமதிக் கடிதம் வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் போச்சு.

வட அயர்லாந்தில் 2012-ல் தனி ஆர்.எச்.ஐ. வந்தது, 2016 பிப்ரவரியில் மூடினார்கள். இந்தத் துறையில் விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் வணிக பாய்லருக்கு ஆண்டில் முதல் 1,314 மணி நேர முழு ஓட்டத்துக்கு, அதாவது ஆண்டின் 15 சதவீதத்துக்கு, ஒரு விகிதம். அதைத் தாண்டினால் மிகக் குறைந்த விகிதம். வட அயர்லாந்தில் அந்த இரண்டாம் படியை வைக்காமல் விட்டுவிட்டார்கள். பெல்லெட் வாங்கும் செலவைவிட யூனிட்டுக்குக் கிடைத்த பணம் அதிகம். எரித்தால் லாபம், மேலும் எரித்தால் மேலும் லாபம். 2015 நவம்பரில் படி வைத்தபோது, அதற்கு முன்பே சேர்ந்துவிட வேண்டுமென்று விண்ணப்பங்கள் குவிந்தன. இந்த விவகாரத்தில் 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார், ஆட்சி கவிழ்ந்து மூன்று வருடம் சட்டமன்றமே இயங்கவில்லை. விசாரணை நடத்திய சர் பேட்ரிக் காக்லின் 2020 மார்ச்சில் அறிக்கை தந்தார்.

எரித்த அளவுக்குப் பணம் என்பதை விட்டு, பொருத்தும்போது ஒரே தொகை என்று வந்தது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. வீணாக எரிக்க யாருக்கும் காரணம் இல்லை. ஆனால் பொருத்திய பின் அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் யாருமில்லை, அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் கையில் வந்துவிட்டது. உங்களுக்கு இப்போது நிச்சயமாகக் கிடைப்பது வாட் வரி விலக்கு: ஹீட் பம்புக்கும் மரம் எரிக்கும் பாய்லருக்கும் வீடுகளில் 0 சதவீதம். வட அயர்லாந்தில் 2023 மே முதல், பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல், 2027 மார்ச் 31 வரை.

ஷ்ராப்ஷர்வாசி:

மிகவும் நன்றி. 12 கிலோவாட் பெல்லெட்டுக்குப் புதுக் கொட்டேஷன் கேட்கிறேன். ஹீட் பம்ப் 2.72-ஐத் தாண்டுமா என்பதை அந்தக் கொட்டேஷனை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

வன்னிமரம்:

ஏலும். எத்தனை பாகைத் தண்ணிக்கு வடிவமைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ. ரேடியேட்டர் பட்டியலில போட்டிருக்கிற வாட் கணக்கு அறையைவிட ரேடியேட்டர் 50 பாகை கூடச் சூடா இருக்கேக்கை வாறது. 45 பாகைத் தண்ணி எண்டால் அதில மூண்டில ஒரு பங்குதான் கிடைக்கும், 55 பாகை எண்டால் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு அறைக்கும் வெப்ப இழப்பு எவ்வளவு, அந்தத் தண்ணிச் சூட்டில ரேடியேட்டர் தாறது எவ்வளவு எண்டு பக்கத்தில பக்கத்தில எழுதித் தரச் சொல்லுங்கோ. 45-இல எல்லா அறையும் தேறினால் மூண்டைத் தொடலாம். 55 வேணும் எண்டால் 2.72-ஐத் தாண்டுறது கஷ்டம். அப்ப ஏழு ரேடியேட்டருக்குப் பதில் ஒன்பது மாத்தினால் என்ன விலை எண்டு கேளுங்கோ. 7,700 பவுண்டு வித்தியாசத்தில அதுக்கு நிறைய இடம் இருக்கு.

கணக்கன்:

அந்தக் கூடுதல் ரேடியேட்டர்களைக் கடையில் நீங்களே வாங்கி வைக்காதீர்கள், வாட் வரி 20 சதவீதம். ஹீட் பம்ப் பொருத்துபவரே அதே வேலையில் சேர்த்துத் தந்தால் 0.